கொலையுண்டவரின் கைக்கடிகாரத்தை வாங்கலாமா?

வாசகர் கேள்வி: கல்லூரி நாள்களிலிருந்து பெரிய குற்ற வழக்குகள் தொடர்பான பொருள்களைச் சேர்த்து வருகிறேன். பழைய செய்தித்தாள்கள், தேடப்படும் குற்றவாளி அறிவிப்புகள், வழக்கு விசாரணை நூல்கள், கொலை நடந்து பின்னர் இடிக்கப்பட்ட ஒரு வீட்டின் செங்கல், சிறையிலிருக்கும் தொடர் கொலையாளி ஒருவர் கைப்பட எழுதிய கடிதம் ஆகியவை என்னிடம் உள்ளன. இப்போது ஒரு வணிகர், கொலையுண்டவர் ஒருவர் கடைசி நேரத்தில் அணிந்திருந்த கைக்கடிகாரம் என்று ஒன்றைச் சான்றிதழோடு தர முன்வந்திருக்கிறார். அது வீட்டுக்குள் வந்தால் தான் இங்கே இருக்கப்போவதில்லை என்கிறார் என் மனைவி. எனக்கு ஏதேனும் மனக்கோளாறா? கடிகாரத்தை வாங்கலாமா? இருப்பவற்றை என்ன செய்வது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அருங்காட்சியகக் காப்பாட்சியரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வணிகர் உங்கள் பதிலுக்குக் காத்திருப்பார். கடிகாரத்தை வாங்காதீர்கள். அது போலியாக இருந்தால் ஏமாறுவீர்கள். உண்மையானதாக இருந்தால், இறந்தவரின் குடும்பத்துக்குச் சேர வேண்டிய பொருளைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர் ஆவீர்கள். எப்படிப் பார்த்தாலும் இதில் உங்களுக்கு நன்மை இல்லை. மற்றவற்றைப் பற்றி இவ்வளவு உறுதியாக ஒரே வரியில் சொல்ல முடியாது. உங்கள் சேகரிப்பில் பெரும்பகுதி காக்கத் தக்கது என்றே கருதுகிறேன்.

மனக்கோளாறு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன். ஆனால் நீதி வரலாற்றுப் பொருள்களோடு பணியாற்றும் எவருக்கும், இந்த ஈர்ப்பு எவ்வளவு பழையது, எவ்வளவு பரவலானது என்பது தெரியும். இங்கிலாந்தின் போல்ஸ்டெட் என்னும் சிற்றூரில் 1827இல் மரியா மார்ட்டின் என்ற இளம்பெண் கொல்லப்பட்டு ஒரு களஞ்சியத்தின் தரையில் புதைக்கப்பட்டார். கொன்ற வில்லியம் கார்டர் 1828 ஆகஸ்டில் பெருங்கூட்டத்தின் முன்னே தூக்கிலிடப்பட்டார். அவரைத் தூக்கிலிட்ட கயிறு அங்குலக் கணக்கில் விலைபோனதாகச் சொல்வார்கள். களஞ்சியத்தின் பலகைகளை வந்தவர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கார்டரின் தோலால் கட்டப்பட்ட வழக்கு நூல் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரின் மாய்ஸஸ் ஹால் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்குவது வேறொன்று: மரியாவின் கல்லறைக் கல்லையும் நினைவுப் பொருளுக்காக வந்தவர்கள் சிறிது சிறிதாகச் செதுக்கி எடுத்து, கடைசியில் ஒன்றும் மிஞ்சாமல் செய்துவிட்டார்கள். கொன்றவரின் தோலுக்கு அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்திருக்க, கொல்லப்பட்ட பெண்ணின் பெயர் பொறித்த கல் இல்லாமல் போயிற்று. இந்தச் சேகரிப்பில் நேரக்கூடிய தவறு முழுவதும் அந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருப்பதாக நான் நினைக்கிறேன்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் கூட்டம் மாறவில்லை. 1934 மே 23 அன்று அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் போனி பார்க்கரும் கிளைட் பாரோவும் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, உடல்கள் காரிலிருந்து இறக்கப்படுவதற்கு முன்பே மக்கள் சூழ்ந்துகொண்டு முடியையும் உடையையும் வெட்டி எடுக்கத் தொடங்கினார்கள். அவர்கள் எல்லாரும் மனநோயாளிகள் அல்லர். அக்கம்பக்கத்தில் வாழ்ந்த சாதாரண மனிதர்கள்தாம்.

பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியலாளர் பால் ரோசினும் அவருடைய சக ஆய்வாளர் கரோல் நெமராஃபும் இந்த உணர்வை ஆராய்ந்தவர்கள். ஹிட்லர் அணிந்த கம்பளிச் சட்டை ஒன்றை அணிவீர்களா என்று கேட்டால், நன்றாகத் துவைத்த பின்னும் பலர் மறுத்துவிடுகிறார்கள். ஒருவரின் தீமை அவர் தொட்ட பொருளில் ஒட்டிக்கொண்டு நம்மீதும் தொற்றும் என்னும் உணர்வு, படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு பார்ப்பதில்லை. அதே உணர்வுதான் சிலரை அந்தப் பொருளை நோக்கி இழுக்கவும் செய்கிறது. ஆகவே உங்கள் ஈர்ப்பும் உங்கள் மனைவியின் அருவருப்பும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அவர் மிகையாக நடந்துகொள்வதாக எண்ணாதீர்கள். அந்தக் கடிகாரம் வெறும் உலோகம் அன்று என்று நீங்கள் நம்புவதால்தான் வாங்க விரும்புகிறீர்கள், அதையே அவரும் நம்புவதால்தான் மறுக்கிறார்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகளும் உண்டு. கொலையாளியை வியக்கத் தொடங்குவது, பொருள்களுக்காகக் கடன்படுவது, வீட்டாரிடம் மறைப்பது, உறக்கம் கெடுவது ஆகியவை தோன்றினால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. உங்கள் கடிதத்தில் அவை எதையும் நான் காணவில்லை. மனைவியிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கும் எழுதியிருக்கிறீர்கள்.

இனி அந்தச் சான்றிதழைப் பற்றி. ஒரு பொருளை விற்பவரே அதற்குச் சான்றும் எழுதித் தந்தால் அது சான்று ஆகாது, விளம்பரமே ஆகும். அருங்காட்சியகத்தில் நாங்கள் பார்ப்பது கைமாறிய வரலாறு: பொருள் முதலில் யாரிடம் இருந்தது, அவரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டில், எந்த ஆவணத்தின் வழியாகச் சென்றது என்னும் சங்கிலி. கொலையுண்டவர் அணிந்திருந்த கடிகாரம் என்றால் அது காவல்துறையின் கைப்பற்றுதல் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். நீதிமன்றத்தில் சான்றுப் பொருளாகக் காட்டப்பட்டிருந்தால் எண் இருந்திருக்க வேண்டும். வழக்கு முடிந்ததும் அது குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டதா, அழிக்க உத்தரவிடப்பட்டதா, ஏலத்தில் விடப்பட்டதா என்பதற்கு ஓர் ஆணை இருந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றைக்கூட வணிகரால் காட்ட முடியாவிட்டால் இரண்டே வாய்ப்புகள்தாம் உண்டு. கடிகாரம் எங்கோ வாங்கிய பழம்பொருளாக இருக்கலாம். அல்லது காவல் நிலையத்திலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ பிணவறையிலிருந்தோ களவாடப்பட்டதாக இருக்கலாம்.

எவ்வளவு பெரியவர்களும் இதில் ஏமாறுவார்கள் என்பதற்கு 1983இல் ஜெர்மனியின் ஷ்டெர்ன் இதழுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று நம்பி அந்த இதழ் 90 லட்சம் மார்க்குக்கும் மேல் கொடுத்தது. கையெழுத்து வல்லுநர்கள் ஒப்பிட்டுப் பார்த்து உண்மையானவை என்றார்கள்; ஆனால் ஒப்பிடுவதற்கு அவர்களிடம் கொடுக்கப்பட்ட மாதிரிகளிலேயே சில, நாட்குறிப்புகளை எழுதிய அதே போலிக் கைவினைஞர் கொன்ராட் குயாவ் எழுதியவையாக இருந்தன. பிறகு ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகம் சோதித்தபோது, போருக்குப் பின்னரே பயன்பாட்டுக்கு வந்த வெண்மையூட்டும் வேதிப்பொருள் தாளில் இருந்தது தெரிந்தது. வேதியியல் பேசுவதற்கு முன்பே கைமாறிய வரலாறு பேசியிருக்க வேண்டும்: அந்த நாட்குறிப்புகள் யாரிடமிருந்து வந்தன என்ற கேள்விக்கு ஷ்டெர்ன் இதழிடம் நேரான விடை இருந்ததே இல்லை. உங்களிடம் உள்ள சிறைக் கடிதத்துக்கும் செங்கல்லுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். செங்கல்லைப் பற்றி எனக்கு ஐயம் அதிகம். இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில், பல பெண்களின் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்ட 25 குரோம்வெல் தெரு வீட்டை 1996இல் இடித்தபோது, நினைவுப் பொருளாக எவரும் எடுத்துச் செல்லக் கூடாது என்பதற்காகவே செங்கற்களைப் பொடியாக்கினார்கள், வீட்டின் மரப்பகுதிகளை எரித்தார்கள். இத்தகைய வீடுகளை இடிப்பவர்கள் விழிப்போடு இருக்கும்போதும் சந்தையில் ‘அசல்’ செங்கற்கள் கிடைத்துக்கொண்டே இருப்பது எதைக் காட்டுகிறது என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

பொருள் உண்மையானதாகவே இருந்தாலும், விற்பவர் அதன் உரிமையாளர்தானா என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுட்ட லீ ஹார்வி ஆஸ்வால்டின் உடல் 1981இல் தோண்டி எடுக்கப்பட்டு வேறு சவப்பெட்டியில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. சிதைந்துபோன பழைய பெட்டியை இறுதிச்சடங்கு நிறுவனம் தன்னிடமே வைத்திருந்து 2010இல் ஏலத்தில் விட்டது. விலை 87,468 டாலர். ஆஸ்வால்டின் அண்ணன் வழக்குத் தொடுத்தார். முதல் அடக்கத்துக்காக அந்தப் பெட்டியை வாங்கியவர் தாம்தாம், ஆகவே அது தமக்கே உரியது என்பது அவருடைய வாதம். 2015இல் டெக்சாஸ் நீதிபதி அதை ஏற்று, பெட்டியையும் அதே தொகையை இழப்பீடாகவும் அவருக்கு வழங்கினார். ஆக, பல ஆண்டுகள் ஒருவர் கையில் இருந்ததாலேயே ஒரு பொருள் அவருடையதாகிவிடாது. கொலையாளி எனக் கருதப்பட்டவரின் அண்ணனுக்கே இந்த உரிமை உண்டென்றால், கொலையுண்டவரின் மகனுக்கோ தங்கைக்கோ அந்தக் கடிகாரத்தின் மீது எவ்வளவு உரிமை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சிறைக் கடிதத்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அதை எழுதியவர் உயிரோடு இருக்கிறார். அவருடைய எழுத்துக்கு விலை உண்டு என்பதை அறிந்திருக்கிறார். நீங்கள் கொடுத்த பணம் வணிகரோடு நின்றதா, அவர் வழியாகச் சிறைக்குள் போனதா என்பதை உங்களால் அறிய முடியாது. குற்றத்தின் புகழால் குற்றவாளி பணம் சம்பாதிக்கக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் 1977இல் சட்டம் இயற்றியது. அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. அதன் பிறகு மாநிலங்கள் பலவாறாகத் திருத்தி எழுதி வருகின்றன. ஹூஸ்டன் நகரில் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பணியாற்றிய ஆண்டி கஹான் இந்த வணிகத்தை எதிர்த்துப் பல்லாண்டு போராடினார். 2001 மே மாதத்தில் இணைய ஏல நிறுவனமான ஈபே இத்தகைய பொருள்களின் விற்பனையைத் தன் தளத்தில் தடை செய்தது. வணிகம் நின்றுவிடவில்லை, வேறு தளங்களுக்குச் சென்றது. சட்டம் எட்டாத இடத்தில் வாங்குபவரின் மனமே வேலி. சிறையிலிருப்பவர் எழுதிய எதையும் இனி வாங்காதீர்கள். அவருக்குக் கடிதம் எழுதிப் பதில் பெற முயலவும் வேண்டாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் எரித்துவிடலாமா? அப்படிச் செய்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை கூற மாட்டேன். 33 பேரைக் கொன்ற ஜான் வெய்ன் கேசி, மரண தண்டனைக்குக் காத்திருந்த ஆண்டுகளில் ஓவியங்கள் வரைந்து விற்றார். 1994 மே மாதம் தண்டனை நிறைவேறியது. அடுத்த மாதமே, ஏலத்தில் வாங்கப்பட்ட அவருடைய ஓவியங்களில் 20க்கும் மேற்பட்டவை, கொல்லப்பட்டவர்களின் உறவினர்கள் கண்முன்னே இல்லினாய் மாநிலத்தில் தீயிடப்பட்டன. மில்வாக்கி நகரில் நடந்தது இன்னும் சிக்கலானது. அங்கே ஜெஃப்ரி டாமர் என்ற தொடர் கொலையாளியின் உடைமைகளை ஏலம் விட விரும்பியவர்கள், அவரால் பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் இழந்த குடும்பத்தினரே. நீதிமன்றம் தீர்ப்பளித்த இழப்பீட்டைப் பெற அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பொருள்கள் உலகெங்கும் காட்சிக்குப் போவதை விரும்பாத நகரப் பிரமுகர்கள் 1996இல் 4,07,225 டாலர் திரட்டிக் கொடுத்து அவற்றை வாங்கி அழித்தார்கள். அஞ்சலில் வெடிகுண்டுகளை அனுப்பி, யுனாபாம்பர் என்று அறியப்பட்ட டெட் கசின்ஸ்கியின் வழக்கிலோ நீதிமன்றமே விற்க ஆணையிட்டது. 2011இல் நடந்த இணைய ஏலத்தில் அவருடைய தட்டச்சுப்பொறிகளும் நாட்குறிப்புகளும் விற்கப்பட்டு, சுமார் 2,32,000 டாலர் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று திரட்டப்பட்டது.

இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால், குடும்பங்கள் எல்லாம் ஒரே முடிவை விரும்புவதில்லை என்பது விளங்கும். ஒரு குடும்பம் தீயைக் கேட்கிறது, இன்னொன்று பணத்தைக் கேட்கிறது, வேறொன்று பொருளையே திரும்பக் கேட்கிறது. மூன்றும் நியாயமே. நியாயமில்லாதது, அவர்களைக் கேட்காமல் வேறு யாரோ முடிவு செய்வது. தனிச் சேகரிப்பாளர் ஒருவர் இத்தகைய பொருளை வாங்கும்போது, தான் அறியாமலே அந்த முடிவைச் செய்துவிடுகிறார். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுவே: எந்தப் பொருளையும் கையில் எடுக்கும்போது, இதை யார் தொட்டார் என்று கேட்பதற்கு முன்னால், இதற்காக யார் அழுகிறார் என்று கேளுங்கள். எவரும் இல்லை என்றால், அது வரலாற்றுக்கு உரியதாகிவிட்டது. எண்ணற்ற செய்திகளுக்கு நடுவே நாம் மறந்துவிட்ட ஒருவர் எங்கோ உயிரோடு இருந்து அதற்காக அழுகிறார் என்றால், அது இன்னும் அவருடையது.

காலம் இதை மெல்ல மாற்றுகிறது. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் குற்றக் கும்பல்களின் பகையில் ஏழு பேர் நிறுத்திச் சுடப்பட்ட சுவரின் செங்கற்களை, கட்டடம் 1967இல் இடிக்கப்பட்டபோது ஒரு கனடா நாட்டு வணிகர் வாங்கினார். ஒரு காலத்தில் அவை கேளிக்கை விடுதியின் ஆண்கள் கழிப்பறைச் சுவராகக்கூட நின்றன. இன்று அவை லாஸ் வேகஸில் உள்ள மாஃபியா அருங்காட்சியகத்தில், நடந்தது இன்னது என்ற விளக்கத்தோடு இருக்கின்றன. செங்கல் அதே செங்கல்தான். அதைச் சுற்றி எழுதப்பட்டிருப்பதும் அதைக் காட்டும் முறையும் மாறியிருக்கின்றன. லண்டன் மாநகரக் காவல்துறையின் குற்ற அருங்காட்சியகம் 1870களில் தொடங்கியது. இன்றும் பொதுமக்களுக்கு அது திறக்கப்படுவதில்லை, காவலர்களின் பயிற்சிக்கே பயன்படுகிறது. அதன் பொருள்கள் 2015இல் லண்டன் அருங்காட்சியகத்தில் முதன்முறையாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது, மனித உடற்பகுதிகள் வைக்கப்படவில்லை. தனிக் கொலை வழக்குகளில் 1975க்குப் பிந்தையவை தவிர்க்கப்பட்டன. உறவினர்கள் உயிரோடு இருப்பார்கள் என்ற எண்ணமே அந்த எல்லையை வகுத்தது. உங்களுக்கும் அதுபோன்ற எல்லை ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். ஆண்டு எதுவாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. எல்லை ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும், ஆசை வரும்போதெல்லாம் அது நகரக் கூடாது, அவ்வளவுதான்.

இருப்பவற்றுக்கு வருகிறேன். செய்தித்தாள்கள், அறிவிப்புகள், விசாரணை நூல்கள் ஆகியவை பொது வெளியீடுகள். அவற்றை வைத்திருப்பதில் எவருக்கும் தீங்கு இல்லை. காவல்துறை எப்படித் துப்பறிந்தது, பத்திரிகைகள் எப்படி எழுதின, நீதிமன்றம் எப்படிப் பேசியது என்பதை அறிய நாளைய ஆய்வாளர்களுக்கு அவை வேண்டும். செய்தித்தாள் அமிலம் மிகுந்த தாளில் அச்சாவதால் தானாகவே மஞ்சளித்து நொறுங்கும். அமிலமற்ற உறைகளில், ஒளியும் ஈரமும் படாத இடத்தில், மடிக்காமல் படுக்கையாக வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் வெப்பத்தால் ஒட்டி மூடாதீர்கள். அது மீட்க முடியாத கேடு. துப்பாக்கியோ அதன் பகுதியோ கையில் வந்தால் சட்டப்படி காவல்துறையிடம் தெரிவிக்காமல் வைத்திருக்கவே கூடாது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவுத்தாள் எழுதுங்கள். யாரிடமிருந்து, எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள், விற்றவர் என்ன சொன்னார், அதில் எதை உங்களால் சரிபார்க்க முடிந்தது என்பவற்றைக் குறியுங்கள். பதிவுத்தாளின் முதல் வரியில் கொல்லப்பட்டவரின் பெயரை எழுதுங்கள். குற்றவாளியின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும். இதைச் சடங்காகச் சொல்லவில்லை. சேகரிப்பாளர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். கொலையாளியின் பிறந்த ஊர்வரை தடையின்றிச் சொல்வார்கள், கொல்லப்பட்டவர் யார் என்று கேட்டால் எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள். பெயர் தெரியாத பொருள் உங்களிடம் இருந்தால், அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதே அடுத்த சில மாதங்களுக்கு உங்கள் வேலையாக இருக்கட்டும். புதிதாக ஒன்றை வாங்குவதைவிட அதில் உங்களுக்கு அதிக நிறைவு கிடைக்கும் என்று நம்புகிறேன்.

அப்படித் தேடும்போது ஏதேனும் ஒரு பொருள் குடும்பத்துக்கு உரியது என்று தெரிந்தால், நீங்களே அவர்களைத் தொலைபேசியில் அழைக்கவோ வீட்டுக்குப் போய் நிற்கவோ வேண்டாம். எந்த நல்லெண்ணத்தோடு போனாலும், முன்பின் அறியாத ஒருவர் அந்த நாளைத் திடீரென்று வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதைத் தாங்குவது அவர்களுக்குக் கடினம். வழக்கறிஞர் வழியாகவோ, பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அமைப்பு வழியாகவோ, வழக்கை நடத்திய காவல்துறை வழியாகவோ செய்தி போகட்டும். வேண்டாம் என்று அவர்கள் சொல்லவும் வழி இருக்க வேண்டும்.

உங்கள் மனைவியோடு பேசும்போது, சேகரிப்பை முழுதாக விட்டுவிடுவதா வேண்டாமா என்று தொடங்காதீர்கள். எந்தெந்தப் பொருள்கள் அவரை வருத்துகின்றன என்று கேளுங்கள். செய்தித்தாள்களை அவர் பொறுத்துக்கொள்ளக்கூடும். சிறைக் கடிதத்தை வீட்டுக்கு வெளியே வைக்கச் சொல்லலாம். அந்த வீடு அவருடையதும் ஆகையால், அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள். குற்றவியல் துறையுள்ள பல்கலைக்கழகங்களும் சில ஆவணக்காப்பகங்களும் இத்தகைய கடிதங்களை ஆய்வுக்காகப் பெற்றுக்கொள்கின்றன. பார்வைக்கு வைக்காமல் ஆய்வாளருக்கு மட்டும் தரும்படி நிபந்தனை எழுதிக் கொடுக்கலாம்.

வணிகருக்கு எழுதும்போது, கைப்பற்றுதல் பட்டியலின் நகலும் பொருளை விடுவித்த நீதிமன்ற ஆணையின் நகலும் இருந்தால் அனுப்பும்படி கேளுங்கள். வாங்குவதற்காகக் கேட்கவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர் அனுப்பினால் அவற்றின் வழியே குடும்பத்துக்குத் தகவல் சேர்ப்பிக்க முடியும். அனுப்பாமல் நழுவினால், விளம்பரத்தின் படத்தையும் அவருடைய கடிதங்களையும் உரிய காவல்துறையிடம் கொடுத்துவிடுங்கள். களவுபோன சான்றுப் பொருளாக இருந்தால் அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, உயில் எழுதுங்கள். இந்தச் சேகரிப்புகள் சந்தைக்குத் திரும்புவது பெரும்பாலும் சேகரித்தவர் மறைந்த பிறகுதான்: பிள்ளைகளுக்குப் பெட்டிக்குள் இருப்பது என்னவென்று தெரிவதில்லை, முதலில் வருகிற வணிகரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தப் பொருள் எந்தக் காப்பகத்துக்குப் போக வேண்டும், எது குடும்பத்திடம் சேர வேண்டும், எது அழிக்கப்பட வேண்டும் என்பதைப் பதிவுத்தாளின் எண்ணோடு குறிப்பிட்டு, ஒரு படியை உங்கள் மனைவியிடமும் இன்னொன்றை வழக்கறிஞரிடமும் கொடுத்து வையுங்கள்.